ஏற வேண்டியபோது ஏறுகிறதா?

தவளையைக் கையில் பிடித்தால் சிறுநீர் கழிக்கும். காரைக்கால் மாவட்டத்துக் குரும்பகரத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். வரப்பில் துரத்திப் பிடித்து, கை நனைந்ததும் உதறிவிட்டு, கால்சட்டையில் துடைத்துக்கொண்டவர்கள்தாம் நாங்கள் எல்லோரும். அந்தச் சில துளிகளைச் சிறு குப்பியில் ஏந்தி, அதிலிருக்கும் ஒரு ஹார்மோனை அளந்து, அந்தக் குட்டையின் தவளைகள் நல்லபடியாக இருக்கின்றனவா என்று கேட்பதே பிற்காலத்தில் என் பிழைப்பானது. இன்றைக்கு ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறேன். இந்த வேலையில் உள்ளபடி என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் விலங்கியல் படித்த 80களில் தவளை என்றால் மெழுகுத் தட்டில் ஊசி குத்திக் கிடப்பது. ‘ரானா ஹெக்ஸாடாக்டைலா’ என்று அப்போது பெயர். நம் குளத்துப் பச்சைத் தவளைதான். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது, நல்ல காரியம். ஆனால் அந்த மேசையில் பார்த்த ஒரு காட்சி எனக்கு மறக்கவில்லை. தவளையின் சிறுநீரகத்தின் அடிப்பக்கத்தில் மஞ்சளும் செம்மையும் கலந்து நீளவாக்கில் ஒரு கீற்று ஓடும். ரெக்கார்டு நோட்டில் மஞ்சள் பென்சிலால் அதற்கு ஒரு கோடு போட்டு ‘அட்ரினல் சுரப்பி’ என்று எழுதுவோம். மனிதனுக்குச் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்ததுபோல் தனியாக உட்கார்ந்திருக்கும் உறுப்பு, தவளைக்கு இப்படி ஒட்டிய கீற்றாகவே இருக்கிறது. கார்டிகோஸ்டிரோன் அங்கேதான் ஊறுகிறது. மனித உடலில் கார்டிசால் செய்யும் வேலையைத் தவளையில் பெரும்பாலும் இது செய்கிறது.

பாம்பு வந்தாலும், தண்ணீர் வற்றினாலும், ஒரு பையன் கையில் அகப்பட்டாலும் மூளை முதலில் ஒரு சேதி அனுப்பும். அது பிட்யூட்டரிக்குப் போகும்; பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் விடும்; அது அந்த மஞ்சள் கீற்றை எழுப்பும்; கார்டிகோஸ்டிரோன் ஏறும். சேமிப்பில் கிடந்த சர்க்கரை ரத்தத்துக்கு வரும். ஓடவும் ஒளியவும் போராடவும் உடம்பு ஆயத்தமாகும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் இறங்கிவிடும். இறங்காமல் வாரக்கணக்கில் நின்றால் வளர்ச்சி குன்றும், இனப்பெருக்கம் தடைபடும், நோயை எதிர்க்கும் சக்தி குறையும். ஹான்ஸ் செலியே 1936-இல் எலிகளை வைத்து இந்தப் பாதிப்பை விளக்கத் தொடங்கியதிலிருந்து இந்தத் துறை பிறந்தது என்று சொல்லலாம்.

நான் படித்த காலத்தில், ஆய்வகத்துக்கு வெளியே தவளையை எடை போட்டுத்தான் பார்த்தார்கள். ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயலில் இறங்குவார்கள். வெளிச்சம் கண்ணில் விழுந்ததும் தவளை அசையாமல் நிற்கும். சாக்கு நிறையப் பிடித்து, தொடையை மட்டும் வெட்டிப் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் போனது. 1985-இல் மழைக்கு மஞ்சளாக மாறும் பெரிய தவளையும் பச்சைத் தவளையும் வன உயிரின வணிகத்துக்கான சைடெஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. 1987-இல் இந்தியா ஏற்றுமதியை அடியோடு தடை செய்தது. பூச்சி தின்னும் தவளையை ஏற்றுமதி செய்து, அந்தக் காசில் பூச்சிமருந்து இறக்குமதி செய்கிறோமே என்ற கேள்விக்கு அப்போது யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

நான் சேர்ந்த முதல் ஆய்வுக்கூடத்தில் ஹார்மோன் அளப்பது என்றால் கதிரியக்க முறைதான். ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 50களின் கடைசியில் கண்டுபிடித்தது. 1977-இல் யாலோவுக்கு அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. அயோடின்-125 கலந்த கிட் வரும். அதன் வீரியம் சுமார் 60 நாளில் பாதியாகிவிடும். கிட் வந்து இறங்கும் நாளுக்கு ஏற்பத்தான் சாம்பிளைச் சேர்த்து வைக்க முடியும். மழையோ, தவளையோ அந்த நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் எஸ்.கே. சைதாபூரும் அவர் மாணவர்களும் நம் நாட்டுத் தவளைகளின் இனப்பெருக்கச் சுழற்சியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அவர்களின் கட்டுரைகளே வழிகாட்டி. எந்த மாதத்தில் எந்தச் சுரப்பி விழித்திருக்கும் என்று தெரியாமல் ஊசியை எடுக்கக் கூடாது என்பதை அவற்றில்தான் படித்தேன்.

ரத்தம் எடுப்பதில் பெரிய தொல்லை நேரம். பிடித்த கணத்திலேயே பதற்றம் தொடங்கிவிடுகிறது. நாம் அளக்க விரும்புவது குட்டை தரும் கஷ்டத்தை. அளவில் வந்து விழுவது நம் கை தந்த கஷ்டம். ரொமேரோ, ரீட் என்ற ஆய்வாளர்கள் 2005-இல் பல உயிரினங்களின் அளவுகளைத் திரட்டிப் பார்த்து, பிடித்த 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால் பெரும்பாலும் பாதகமில்லை என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்த 3 நிமிடம் எல்லோருக்கும் வேதவாக்கானது. சேற்றில் முழங்கால் புதைய நின்று, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, வழுக்கும் தவளையில் 3 நிமிடத்துக்குள் ஊசி இறக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெரிய தவளைக்கு இது சரி. வயலில் எங்கும் துள்ளும் கட்டைவிரல் அளவுத் தவளையில் போதுமான ரத்தம் எடுப்பது என்றால் அதைக் கொல்வதுதான். ஒரு கூட்டத்தைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கூட்டத்தையே கொன்று எண்ணுவதா என்று எங்களில் பலர் மனம் சங்கடப்பட்டது.

கதிரியக்கம் போய் வண்ண முறை வந்தது பெரிய விடுதலை. 1971-இல் ஸ்வீடனில் பிறந்த எலைசா, எங்கள் மேசைக்கு வந்து சேர நீண்ட காலம் ஆயிற்று. 96 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். நம் சாம்பிளிலுள்ள ஹார்மோனும், நொதி கட்டிய ஹார்மோனும் அந்த இடத்துக்குப் போட்டி போடும். கடைசியில் நிறம் வரும். நிறம் அழுத்தமாக வந்தால் ஹார்மோன் குறைவு. வெளிறி வந்தால் அதிகம். புதிதாக வரும் மாணவர்கள் தலைகீழாகப் படித்துவிடுவார்கள் என்பதால் இதைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். கிட் விற்பவர்கள் ‘எல்லா விலங்குக்கும் பொருந்தும்’ என்றுதான் சொல்வார்கள். தவளையின் சிறுநீரைப் படிப்படியாக நீர்த்துப் பார்த்து, அந்த வளைவு ஸ்டாண்டர்டு வளைவோடு இணையாக ஓடுகிறதா என்று பார்க்கும் வரை நான் எந்த எண்ணையும் நம்பியதில்லை.

ரத்தத்துக்குப் பதிலாகச் சிறுநீரை அளக்கும் வழியை உறுதியாக நிலைநாட்டியவர்களில் எட்வர்ட் நாராயண் முக்கியமானவர். பிஜியில் வீவா தீவின் தரைத்தவளையிலும், 1936-இல் அந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரையிலும் அவர் வேலை செய்தார். அடையாளத்துக்காகத் தவளையின் விரல் நுனியை நறுக்குவது அப்போது உலகெங்கும் இருந்த வழக்கம். 2011-இல் அவரும் கூட்டாளிகளும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். சில தேரைகளைப் பிடித்துக் கையாள மட்டும் செய்தார்கள்; சிலவற்றின் விரலை நறுக்கினார்கள். விரல் போனவற்றில் கார்டிகோஸ்டிரோன் கூடுதலாக ஏறியது. வலிக்குமா என்று பேசிக்கொண்டே இருந்த ஒரு விஷயத்துக்கு எண் கிடைத்தது. அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு எங்கள் கத்தரிக்கோல் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. முதுகின் புள்ளியும் கோடும் தவளைக்குத் தவளை வேறுபடும்; படம் எடுத்து அடையாளம் வைத்துக்கொண்டோம்.

குரும்பகரத்தில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஐப்பசி முதல் பெருமழை விழுந்த ராத்திரிதான் காலம். மறுநாள் போனால் பாதிக் கச்சேரி முடிந்திருக்கும். கொசு மருந்து தடவிய கையோடு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தவளையின் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். கையை அந்தக் குட்டைத் தண்ணீரிலேயே நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். பிடித்த நேரம், தண்ணீரின் சூடு, கத்திக்கொண்டிருந்ததா, சும்மா உட்கார்ந்திருந்ததா, இணையோடு இருந்ததா என்று ஒருவர் குறிக்க, இன்னொருவர் சிறுநீரை ஏந்த வேண்டும். தவளைக்கு நம்மைப்போல உடல் சூடு நிலையாக இல்லை. தண்ணீர் சூடானால் ஹார்மோனும் மாறும். அதனால் தெர்மாமீட்டர் இல்லாமல் எடுத்த சாம்பிளை நான் தட்டில் ஏற்றுவதே இல்லை. மழையில் ஊறிய தவளையின் சிறுநீர் தண்ணீராக இருக்கும், வெயிலில் காய்ந்ததினுடையது கெட்டியாக இருக்கும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு துளியிலும் கிரியாட்டினின் அளந்து அதன் விகிதத்தில் சொல்ல வேண்டும்.

ஐஸுக்குக் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்குத்தான் போவோம். மீன்காரர்கள் வாங்கும் பாளத்தில் ஒரு துண்டை உடைத்துப் பெட்டியில் போட்டு, குப்பிகளைப் புதைத்துக்கொண்டு வருவோம். அனுமதிக் கடிதமும் கூடவே இருக்கும். எங்கள் மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துத் துண்டு, கடல் போக மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. வனத்துறை வேறு, அனுமதி வேறு. ஒரே வாய்க்காலின் இரு பக்கத்துத் தவளையை ஒப்பிட வேண்டுமானால் இரண்டு அரசுகளிடம் விண்ணப்பம் போட வேண்டும். இந்த அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைத் தொடுவதற்கு முன் ஒருவர் கேள்வி கேட்பது நல்லதே.

ஒரு மழை ராத்திரியில் பக்கத்து வயல்காரர், மடை பார்க்க வந்தவர், எங்கள் விளக்கைக் கண்டு நின்றார். என்ன செய்கிறோம் என்று விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, நல்லா இருக்குறது கத்தும். கத்தாம உக்காந்திருக்கு பாருங்க, அதை அளங்க.” நான் அதைக் குறிப்பு நோட்டில் எழுதிவைத்தேன்.

அந்தப் பருவத்துச் சாம்பிள்களைத் தட்டில் ஓட்டியபோது, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த ஆண் தவளைகளில்தான் கார்டிகோஸ்டிரோன் மிக அதிகம். கூட இருந்த மாணவிக்கு முகம் வாடிவிட்டது. ஊரிலேயே நல்ல குட்டை என்று நாங்கள் நினைத்ததைத்தான் எண்கள் மோசமானது என்று காட்டின. “அறிக்கையில் எப்படி சார் எழுதுறது?” என்று கேட்டாள். ஷாரன் எமர்சன் 2001-இல் எழுதிய கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். இரவெல்லாம் கத்துவது உடம்பின் சேமிப்பைக் கரைக்கும் வேலை. அந்தச் சக்தியைத் திரட்டித் தருவதே கார்டிகோஸ்டிரோன்தான். ஓர் எல்லையைத் தாண்டியதும் தவளையே கத்துவதை நிறுத்திக்கொள்ளும் என்பது அவர் விளக்கம். கல்யாண வீட்டில் ஓடியாடும் அண்ணனின் நாடித்துடிப்பை எண்ணி அவருக்கு நோய் என்று சொல்லிவிட முடியாது. மாணவிக்குப் புரிந்தது. அறிக்கையில் கத்தியவை, கத்தாதவை என்று இரண்டாகப் பிரித்து எழுதினாள். வயல்காரர் சொன்ன பிரிவுதான் அது.

இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். ஹார்மோன் அதிகம் என்றால் ஆபத்து, குறைவு என்றால் நலம் என்று நினைப்பவர்கள் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. 1997-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் சவானா நதிப் பக்கம், நிலக்கரி எரித்த சாம்பல் கொட்டிய இடத்துத் தேரைகளை வில்லியம் ஹாப்கின்ஸ் குழு ஆராய்ந்தது. நல்ல இடத்திலிருந்து அங்கே கொண்டுபோய் விட்ட தேரைகளுக்குக் கார்டிகோஸ்டிரோன் ஏறியது. இது எல்லோரும் எதிர்பார்த்தது. இரண்டு ஆண்டு கழித்து அவர்களே மேலும் ஒரு படி போனார்கள்: அந்தச் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். சாம்பல் நிலத்திலேயே வாழ்ந்த தேரைகளில் ஏற வேண்டியது ஏறவில்லை. கனடாவில், குளோரின் சேர்ந்த ரசாயனங்கள் கலந்த ஆற்றில் வாழும் ஒருவகை நீர்ச் சாலமாண்டரிலும் 1997-இலேயே இதைக் கண்டிருந்தார்கள். நச்சு ஏறிய இடத்தில் சுரப்பியின் பதில் மங்கிப்போயிருந்தது. பாம்பு வந்தாலும் உடம்பு எழுந்து நிற்காத நிலை அது. ஒரே ஒரு முறை சிறுநீர் எடுத்து அளந்திருந்தால் இந்தக் குறை நம் கண்ணில் பட்டிருக்காது.

அதனால் ஒரு தவளையிடம் இரண்டு முறை கேட்க வேண்டும். பிடித்ததும் ஒரு தடவை சிறுநீர். பிறகு ஈரத்துணி போட்ட பெட்டியில் வைத்து, சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. ரத்தத்தில் நிமிடங்களில் ஏறுவது சிறுநீரில் தெரிய நேரமாகும். ஏறுகிறதா, எவ்வளவு ஏறுகிறது, மறுபடி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டிய வேலை இது. திட்டப்பணம் கொடுக்கிறவர்களுக்கு ஒற்றை எண் பிடிக்கும். இப்படி இரண்டு எண்ணும் அதன் இடைவெளியும் கொடுத்தால் நெற்றியைச் சுருக்குவார்கள். நான் விட்டுக்கொடுத்ததில்லை.

தலைப்பிரட்டையின் கதை வேறு. அதற்கு இந்த ஹார்மோன் எதிரி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கலிபோர்னியாவின் தற்காலிகக் குட்டைகளில் வாழும் ஒரு தேரையை ராபர்ட் டென்வர் 90களில் ஆராய்ந்தார். தண்ணீர் வற்ற வற்றத் தலைப்பிரட்டையின் மூளை அவசரச் சேதி அனுப்புகிறது. தைராய்டு ஹார்மோனும் கார்டிகோஸ்டிரோனும் சேர்ந்து வாலைச் சுருக்கிக் காலை வேகமாக வளர்க்கின்றன. குட்டை காய்வதற்குள் அது தேரையாகிக் கரையேறிவிடுகிறது. உயிர் பிழைத்தாலும் உடம்பு சிறுத்துப்போகும். எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-இல் திறக்க வேண்டிய தண்ணீர் தள்ளிப்போனாலும், முறை வைத்து விட்டாலும், முதலில் காய்வது எங்கள் வாய்க்கால்தான். வயலில் தண்ணீர் நிற்கும் நாட்கள் குறைந்த ஆண்டுகளில் வரப்போரம் ஏறிய குட்டித் தவளைகள் கண்ணுக்கே சிறியதாகத் தெரிந்தன. கலிபோர்னியத் தேரைக்கு வறட்சி கோடிக் கணக்கான ஆண்டுகளின் பழக்கம். எங்கள் தவளைக்கு வறட்சியோடு களைக்கொல்லியும், கடலோரம் என்றால் உப்பும் சேர்ந்து வருகிறது. எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடுத்தது. அதற்குப் பின்னும் நடவு முடிந்த வாரத்தில் மருந்து வாசம் வீசாத வயல் அரிது.

கருவிகள் மாறிக்கொண்டே வந்ததைப் பார்த்த பாக்கியம் எனக்குண்டு. 2013-இல் டெக்சாஸின் கேட்லின் கேபோர் குழு, தவளையைச் சுத்தமான தண்ணீரில் ஒரு மணி நேரம் விட்டு, தோல் வழியாகவும் சிறுநீராகவும் கசிவதை வடிகட்டிப் பிடித்து அளக்கும் முறையைத் தவளைகளுக்குக் கொண்டுவந்தது. ஸ்பெயினில் அந்த முறையைக் கொண்டு பார்த்தபோது, தவளைகளுக்கு நோய் தரும் கைட்ரிட் பூஞ்சை தொற்றிய இடத்துத் தலைப்பிரட்டைகள் கார்டிகோஸ்டிரோனைக் கூடுதலாக விட்டன. தலைப்பிரட்டையை நசுக்கிச் சாறெடுத்து அளந்த காலத்திலிருந்து வந்த எனக்கு, அது உயிரோடு நீந்தித் திரும்புவதைக் காண்பதே நிறைவு. இங்கே குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும். அதை ஊற்றினால் தவளையின் பதில் உப்புக்கானதாகிவிடும். சுத்திகரித்த தண்ணீரைச் சுமந்துகொண்டு போக வேண்டும். 2018-இல் சிகாகோ லிங்கன் பூங்கா விலங்ககத்தின் ரேச்சல் சாண்டிமயர் குழு, பஞ்சுக்குச்சியால் முதுகைத் தடவியே அளக்கலாம் என்று காட்டியது. இதைவிட மென்மையாக ஒரு தவளையைக் கேள்வி கேட்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டில் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் லேக்கோன்ஸ் ஆய்வகம், ஜி. உமாபதி போன்றவர்களின் உழைப்பால், புலி, யானை எச்சத்தில் இதே ஹார்மோன் குடும்பத்தை அளந்து, சுற்றுலா நெருக்கடி விலங்கை எப்படி வருத்துகிறது என்று சொல்லியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளில் கைட்ரிட் பூஞ்சை இருப்பதும் 2011-இலிருந்து பதிவாகியிருக்கிறது. புலிக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கு வயல் தவளைக்கும் வர வேண்டும். 2023-இல் வெளிவந்த இரண்டாவது உலக மதிப்பீடு 8,011 நீர்நில வாழ்விகளைப் பார்த்து, 40.7 சதவீதம் அழியும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. முதுகெலும்பு விலங்குகளில் இவ்வளவு மோசமான நிலை வேறு எந்த வகுப்புக்கும் இல்லை. எங்கள் வயல் தவளைகள் பெரும்பாலும் அந்த அபாயப் பட்டியலில் இல்லை. அதனால்தான் அவற்றை இப்போதே அளக்க வேண்டும் என்கிறேன். ஆரோக்கியமான காலத்தின் அளவு கையில் இல்லையென்றால், கெட்ட காலத்தின் அளவை எதோடு ஒப்பிடுவது?

காரைக்காலில் கலைக்கல்லூரிகள் இருக்கின்றன. செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கிட் வாங்கப் பணம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் ஒரு குட்டையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஐப்பசி மழையிலிருந்து தை அறுவடை வரை, எந்த ராத்திரி எந்தத் தவளை கத்தியது, தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை நாள் தேங்கியது, பக்கத்து வயலில் என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். மடை பார்க்க வரும் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாம்பிள் எடுக்க வாருங்கள். பிப்பெட் பிடிப்பதைச் சொல்லித் தர ஊரில் நான் இருக்கிறேன்.